என் கையை நம்பிய ஹமீதா மேடம்

தாராசுரத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கூத்தாநல்லூரிலிருந்து ஹமீதா மேடத்தின் மகன் அன்வர் பேசினார். "அம்மா மவுத்தாயிட்டாங்க மாஸ்டர்." மேடம் இறந்துவிட்டார் என்றதும் கரண்டியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில் ரத்தப் பரிசோதனை லேப் நடத்தியவர். கிருமிகளைப் பற்றிப் படித்தவர். நான் கல்யாணச் சமையல்காரன். எங்களைப் பழக்கமாக்கியது டைபாய்டு.

சில வருடங்களுக்கு முன், என் சமையலைச் சாப்பிட்ட சிலர் அடுத்தடுத்துக் காய்ச்சலில் விழுந்தார்கள். எல்லோரும் தண்ணீரைத் திட்டினார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினேன். தண்ணீரைச் சோதித்து, அதில் ஒன்றுமில்லை என்ற மேடம், சமைத்த எங்கள் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்தார். முடிவைப் போனில் சொல்லாமல் என் வீட்டுக்கே வந்தார். டைபாய்டு கிருமி இருந்தது என் வயிற்றில்தான்.

"எனக்கு ஒரு தலைவலிகூட இல்லையேம்மா!" என்று கத்தினேன்.

"அதாண்ணே இந்தக் கிருமியோட திருட்டுத்தனம். உங்கள ஒண்ணும் பண்ணாம வயித்துல குடியிருக்கும். உங்க கை வழியாப் போய் அடுத்தவங்களப் படுக்க வச்சிடும். குணமாகுற வரைக்கும் அடுப்புக்கிட்ட போகாதீங்க."

தை முகூர்த்தம் முழுவதும் கைநழுவிப் போயிற்று. வேறு தொழில் தெரியாத எனக்கு, இனி யார் கூப்பிடுவார்கள் என்ற பயம்தான். டாக்டர் கொடுத்த மாத்திரைகளால் வயிறு வேறு கெட்டது. கிருமி என்றாலே வெறுத்துப்போய்த் தயிரையும் ஒதுக்கினேன். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தயிரே கிருமியாலதான் உறையுதுண்ணே! வயித்துலயும் நமக்கு நல்லது பண்றதுங்க ஏகப்பட்டது இருக்கு. மாத்திரை கெட்டதோட சேத்து அதுங்களையும் கொன்னுடுது. பயப்படாம மோர் குடிங்க."

அண்டா அண்டாவாகப் பாலுக்கு உறை ஊற்றிய எனக்கு அது புதுச் செய்தி.

பல முறை பரிசோதித்து, கிருமி போய்விட்டது என்று உறுதியான பிறகும் ஊர் கூப்பிடவில்லை. விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. மேடம் வாயிலிருந்து அல்ல. அப்போதுதான் அன்வரின் நிக்காஹ் வந்தது. மறுநாள் நண்பர்களுக்கு வைத்த சைவ விருந்தை என்னிடம் கொடுத்தார். சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண் வரை நான் கழுவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்; அதில் மட்டும் தயவுதாட்சண்யம் கிடையாது. பிறகு முதல் பந்தியில் உட்கார்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "மாஸ்டர், எனக்கு உங்க கையால போடுங்க."

தயிர்சாதத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தயங்கி நின்றவர்கள் இலைக்கு வந்தார்கள். அன்று எரிந்த என் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அந்த நன்றியைச் சொன்னால் மேடம் பேச்சை மாற்றிவிடுவார்.

மவுத்து வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். கல்யாணப் பந்தியை முடித்துக் கொடுத்துவிட்டு, அவர்களுக்காகத் தயிர்சாதம் பிசைந்து எடுத்துப்போனேன். குழாயடியில் கை கழுவினேன், விரலிடுக்கு, நகக்கண் எல்லாம். அடக்கம் முடிந்து வந்த அன்வர் தட்டை நீட்டினார்.

"உங்க கையால போடுங்க மாஸ்டர்."

போட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள் மேடம். கை சுத்தமாகத்தான் இருக்கிறது.