எட்டாவது சோடி

கடற்கரையில் செத்த சிப்பி சோடியாகக் கிடைப்பது அரிது. உயிர் போன சில நாட்களில் இரண்டு ஓடுகளையும் பிணைத்திருக்கும் நார் காய்ந்து விட்டுப்போகும். பிறகு அலை ஒன்றை இங்கே போடும், மற்றதை வேறெங்கோ கொண்டுபோகும். எனக்கு இது ஒன்பது வயதில், ஓர் ஓகஸ்ட் விடுமுறையில், ஒரு பந்தயத்தால் தெரியவந்தது.

அந்த விடுமுறை தொடங்கும்போது அப்பா வீட்டில் இல்லை. எங்கள் ஊர் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு. வாவிப் பக்கம் எங்கள் வீடு, நடுவில் பெருந்தெரு, கடற்பக்கம் அப்பாவின் அக்காவான மாமியின் வீடு. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். ஏதோ ஒரு சண்டையில் அம்மா, “இது என்ர வீடு” என்று சொல்லிவிட்டார். காணி உறுதிப் பத்திரத்தின்படி அது உண்மைதான். அப்பா அன்று பின்னேரமே மாமி வீட்டுக்குப் போய்விட்டார். கூப்பிடாமல் அவர் வருவதாக இல்லை. அம்மா கூப்பிடுவதாகவும் இல்லை. மூன்று கிழமைகள் அப்படியே போயின. மாமி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதென்று எனக்கும் கட்டளை. பின்னேரங்களில் வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பேன்.

அம்மாவின் தம்பி, ஓட்டோ ஓட்டும் என் மாமா, ஒருநாள் என் முன்னால் வந்து நிறுத்தினார்.

“என்னகா, வேலிக்குக் காவலா? பொருந்துற சிப்பிச் சோடி ஒண்டு கொண்டு வா பாப்பம். சைக்கிள் வாங்கித் தாறன்.”

இரண்டு ஓடும் ஒரே சிப்பியினுடையதாக இருக்க வேண்டும். அவர் காட்டும் இடத்தில் மட்டுமே தேட வேண்டும். அந்த இடம் மாமி வீட்டு வேலிக்கு நேரே, இரண்டு தோணிகளுக்கு இடைப்பட்ட நூறடி மணல். வடக்கே இன்னும் நிறையச் சிப்பி கிடக்கிறதே என்றேன். “அங்கால போனா பந்தயம் முடிஞ்சுது” என்றார். மூன்று மணிக்கு இறக்கிவிட்டு ஐந்தரைக்கு வந்து ஏற்றுவார். மூன்று மணிக்கு அந்த மணல் சூட்டில் கால் வைக்க முடியாது.

நான் கொண்டுவந்த ஒவ்வொரு சோடியையும் மாமா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது வெயில்ல கிடந்து வெளுத்தது. அது மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்தது, நிறம் அப்பிடியே இரிக்கு. இது ரெண்டும் சோடியாகா?”

அடுத்ததில் ஒரு விளிம்பு அலையில் உருண்டு மழுங்கியிருந்தது. மற்றது விரலை வெட்டும். இன்னொன்றில் ஊசியால் குத்தியதுபோல் வட்டமான துளை. ஏதோ நத்தை துளைத்து உள்ளே இருந்ததைத் தின்றிருக்கிறது. “ஓட்டைச் சாமான் வேணாம்” என்று எறிந்தார். ஐந்து நாட்களுக்குள் ஏழு சோடிகள் கழிந்தன.

முதல் நாள் அப்பா வேலிக்கு மேலால் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். இரண்டாம் நாள் மாமி போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார். “ஏன்கா இந்த வெயிலுக்க நிக்கிறாய்? கொம்மாக்குக் கண் இல்லையா?” என்றவர், வேலிப் பக்கம் திரும்பி இன்னும் உரத்து, “கொப்பாக்கும் இல்லையா?” என்றார். மூன்றாம் நாள் வேலியோரம் ஒரு கதிரை வந்தது. அப்பா அதில் உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் மணலில் இறங்கி வந்து தன் தொப்பியை என் தலையில் வைத்தார்.

“என்ன மகள் தேடுறாய்?”

சொன்னேன். அப்பா வீடு கட்டும் மேசன். என் பையைக் கொட்டி, ஓடுகளைக் கவிழ்த்து, கல் வரி வைப்பதுபோல் அடுக்கினார். பிணைப்படியில் கூம்பி நிற்கும் மூக்கு எல்லாவற்றிலும் ஒரே பக்கம் வளைந்திருந்தது.

“எல்லாம் இடது கால் செருப்பு, மகள். வலது காலை அலை வேற எங்கயோ கொண்டு போய்ப் போடுது.”

நான் கொண்டுபோன ஏழு சோடியும் இரண்டிரண்டு இடதுகள். மாமா அதை மட்டும் சொல்லவேயில்லை. இன்றும் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் குனிந்து ஓர் ஓட்டைக் கவிழ்த்து, மூக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன்.

அன்று இருவருமாக எல்லை தாண்டி வடக்கே வெகுதூரம் நடந்தோம். அங்கே வலதுகள் கிடந்தன. நிறத்தில் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் ஒன்றை எடுத்தோம், விளிம்பு பொருந்தவில்லை. அந்தக் கரையில் முன்பு வீடுகள் இருந்தன. மிஞ்சிக் கிடந்த ஓர் அத்திவாரத்தில் அப்பா அந்த ஓட்டின் விளிம்பை உரசினார், சேர்த்துப் பிடித்துப் பார்த்தார், மறுபடி உரசினார். கடைசியில் மயிரிழை இடைவெளிதான் இருந்தது.

ஐந்தரைக்கு மாமா வரவில்லை. ஆறு மணிக்கும் வரவில்லை. இருட்டப் போகிறதென்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பெருந்தெருவைக் கடந்தார். எங்கள் படலையடியில் ஓட்டோ நின்றது. மாமா முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா வெளியிலேயே நின்றுவிட்டார்.

நான் ஓடிப்போய்ச் சிப்பியை நீட்டினேன். மாமா அதைப் பார்க்கக்கூட இல்லை. வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“சோடிதான். சைக்கிள் உனக்கு.”

எனக்குப் பொறுக்கவில்லை. “இல்ல மாமா, இது பொய்ச் சோடி! வேற வேற சிப்பி. அங்கால போய் எடுத்தது. அப்பா உரசித்தான் பொருத்தினவர்!”

கையில் அகப்பையோடு குசினி வாசலில் அம்மா நின்றார். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “படலையத் திறந்து போட்டுட்டு என்ன கதை? நுளம்பு கடிக்க வருது. உள்ளுக்கு வரச் சொல்லு.”

அப்பா உள்ளே வந்து படலையைச் சாத்தினார். சாத்திய படலையை மாமா திறந்துகொண்டு போய் ஓட்டோவை எடுத்தார். பந்தயம் முடியவில்லை என்று கத்திக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அவர் நிற்கவில்லை. விதிகளைப் போட்டவரே அவற்றைப் பொருட்படுத்தாமல் போகிறாரே என்று தெருவில் நின்று அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் ஓட்டோ கடற்பக்கமிருந்து திரும்பி வந்தது. பின் சீற்றில், மாமி வீட்டில் கிடந்த அப்பாவின் சாந்தகப்பையும் நீர்மட்டமும் போட்ட உரப்பை இருந்தது. அதை எதற்காக ஏற்றி வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. சிப்பியைத் திருப்பித் தந்து பந்தயத்தை முதலிலிருந்து தொடங்கும்படி மாமாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.