தெருவுக்கு ஒரு மெயில்

அடுத்தவர் கம்பெனிக்குள் திருட்டுத்தனமாக நுழைவதுதான் என் வேலை. பயப்பட வேண்டாம், அவர்களே சம்பளம் கொடுத்து நுழையச் சொல்கிறார்கள். எந்தக் கணினியில் எந்தக் கதவு தாழ்ப்பாள் போடாமல் கிடக்கிறது என்று தட்டிப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். பெங்களூர்க் கம்பெனி, ஆனால் ராஜபாளையத்தில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்தபடியே பார்க்கிறேன். ஹேக்கர் என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் என்னைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைக்கிறார்கள். அதனால் கல்யாண வீடுகளில் இப்போது 'கம்ப்யூட்டர் வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உடனே யாராவது பிரிண்டர் ஏன் மை கக்குகிறது என்று கேட்பார்கள்.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த அக்காவுக்கு ரகசியம் என்றாலே ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். அவள் வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்பது தெருவுக்கே தெரியும், உப்பு கூடியதும் தெரியும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். சில வருடங்களுக்கு முன் ஜாக்கெட் வெட்டச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களை எடுத்துப் போட ஆரம்பித்தாள். கழுத்து இறங்காமல் வெட்டுவது எப்படி, கை தூக்கினால் பிடிக்காமல் தைப்பது எப்படி என்று நம்மோடு பேசுகிற மாதிரியே பேசுவாள். ஒரு நாள் மம்சாபுரத்துப் பெண் ஒருத்தி, "டீச்சர், உங்களப் பாத்துத் தச்ச முதல் ஜாக்கெட்" என்று கீழே எழுதியிருந்தாள். அக்கா எனக்குப் போன் போட்டு, என்னைப் போய் டீச்சர் என்கிறாளே என்று சிரித்தாள். சிரித்துவிட்டு நல்ல சேலையாக மாற்றிக்கொண்டு வந்து அடுத்த வீடியோவை எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் பழைய நைட்டியோடு கேமரா முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

இங்கே அந்தத் தெருவின் மெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே முதன்முதலில் மெயில் திறந்தது அக்காதான். எதிர்வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். அந்த வீட்டுக்காரம்மா எங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் மதினிதான். மகளுடைய கல்லூரி விண்ணப்பத்துக்கு மெயில் வேண்டும் என்று மதினி வந்து நின்றபோது, அக்கா தன்னுடையதையே கொடுத்தாள். அடுத்த வீட்டுக்காரர்கள் கேஸ் சிலிண்டர் பதிவுக்கு வாங்கினார்கள். அதற்கடுத்த வீட்டுக்காரர்கள் ரேஷன் கார்டுக்கு வாங்கினார்கள். கடைசியில் அது தெருக்குழாய் மாதிரி ஆகிவிட்டது. வேண்டியவர்கள் திறப்பார்கள், பிடித்துக்கொண்டு போவார்கள்.

அதற்குப் பாஸ்வேர்டு, தெருவுக்குப் பொதுவாகத் திரிந்த நாயின் பெயர். எங்கள் ஊர் நாய், ராஜபாளையத்திலிருந்து நானே குட்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், இன்னும் எத்தனை பேர் அதையே வைத்துக்கொண்டிருக்கிறார்களோ. சாயங்காலம் ஆனால் சோற்றுச் சட்டியோடு ஆளுக்கொரு வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். உலகத்திலேயே தினமும் தவறாமல் கூவப்பட்ட பாஸ்வேர்டு அதுவாகத்தான் இருக்கும். நான் தலையில் அடித்துக்கொண்டு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நம் தெருவில் யார் திருடப் போகிறார்கள் என்று அக்கா வாயை அடைத்துவிட்டாள். தெருவில் யாரும் திருடவில்லை என்பதும் உண்மைதான்.

திருடன் வெளியிலிருந்து வந்தான். தையல் நூல் கம்பெனி ஒன்று அவளுடைய சேனலில் விளம்பரம் செய்ய ஆசைப்படுவதாகக் கடிதம் வந்திருக்கிறது. விவரம் எல்லாம் இணைப்பில் இருக்கிறது, திறந்து பாருங்கள் என்றிருக்கிறது. அக்கா அத்தானின் லேப்டாப்பில் திறந்தாள். மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது. சேனலில் அவள் படம் இருந்த இடத்தில் ஒரு தங்கக் காசு மின்னுகிறதாம். ஜாக்கெட் வீடியோக்கள் ஒன்றுகூட இல்லை. எவனோ ஒரு வெள்ளைக்காரன் டிஜிட்டல் காசு வாங்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறான்.

"என்னைய டீச்சர்னு கூப்பிட்ட எடத்துல எவனோ ஒக்காந்திருக்கான் ஏட்டி" என்றாள்.

அவள் அழவில்லை. ஆனால் குரலை இறக்கிப் பேசினாள். என் அக்கா குரலை இறக்கிப் பேசி நான் கேட்டதே இல்லை. லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

திருடன் கெட்டிக்காரன். சேனலுக்கென்று அக்கா தனியாகத் திறந்திருந்த மெயிலின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான், போன் நம்பரை மாற்றிவிட்டான், உதவி மெயிலையும் மாற்றிவிட்டான். ஒரு பொந்து மட்டும் மிச்சம் இருந்தது. கணக்கை மீட்க முன்பு கொடுத்திருந்த உதவி மெயிலுக்குச் சில நாட்கள் வரை குறியீட்டு எண்ணை அனுப்புவார்கள். அது எந்த மெயில் என்று பார்த்தால், முதல் எழுத்தும் நட்சத்திரங்களுமாகத் திரையில் தெரிந்தது தெருவின் மெயில். யாரைக் கேட்டு அதைக் கொடுத்தாய் என்று அக்காவிடம் கத்தினேன். கத்தி முடித்ததும்தான், இப்போதைக்கு நமக்கு இருக்கும் ஒரே வழி அதுதான் என்று உறைத்தது.

அக்கா நாயின் பெயரை அடித்தாள். தவறு என்றது. பெரிய எழுத்தில் அடித்தாள், அதுவும் தவறு. இன்னும் இரண்டு தடவை தப்பாக அடித்தால் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி எதிர்வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மதினி வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, எங்கள் இருவரையும் ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அந்த நாய்தான் செத்துப்போச்சே. புதுசு வந்த அன்னைக்கே நான் மாத்திட்டேன்லா" என்றார்.

புது நாய் அவர் காலடியிலேயே படுத்திருந்தது. பெட்டை. பெயர் எங்களுக்குத் தெரியும், ஆங்கிலத்தில் என்ன எழுத்து என்பதுதான் தெரியவில்லை. அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்து கூடிவிட்டார்கள். ஒருவர் கடைசியில் ஒய் என்றார், இன்னொருவர் ஐ என்றார், நடுவில் இரண்டு எம் உண்டு என்று மூன்றாமவர் சத்தியம் செய்தார். ஒவ்வொரு முறை பெயரைச் சொல்லும்போதும் நாய் எழுந்து, சொன்னவர் பக்கம் போய் வாலை ஆட்டியது. சோறு இல்லை என்று தெரிந்து திரும்பி வந்து படுத்தது. அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மதினி புடவையில் கையைத் துடைத்தார். எழுத்துக் கூட்டிச் சொல்லத் தனக்கு வராது என்றும், போனைக் கொடுத்தால் விரல் தன்னால் போகும் என்றும் சொன்னார். போனை நீட்டினேன். விரல் போனது. மெயில் திறந்துகொண்டது.

உள்ளே தெருவின் வாழ்க்கையே கிடந்தது. யாருடைய கரண்ட் பில்லோ, யாருடைய பரீட்சை முடிவோ, யாருடைய கேஸ் சிலிண்டர் பதிவோ. எல்லாவற்றுக்கும் மேலே நாங்கள் கேட்ட எண் வந்து உட்கார்ந்தது. மதினி வழக்கப்படி அதைத் தெருமுனை வரை கேட்கிற மாதிரி உரக்க வாசித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அதற்கு யாரையும் திட்டவில்லை. அன்று மாலைக்குள் வெள்ளைக்காரன் போய்விட்டான், ஜாக்கெட்டுகள் திரும்பிவிட்டன. 'டீச்சர் எங்க போனீங்க' என்று கேட்டிருந்தவர்களுக்கெல்லாம் அக்கா ஒவ்வொருவராகப் பதில் போட்டாள்.

அதன் பிறகு நான் சட்டம் போட்டேன். தெருவின் மெயில் தெருவுக்கு, சேனலின் மெயில் அக்காவுக்கு மட்டும். அவளுக்கு இரண்டு குட்டிச் சாவிகள் வாங்கிக் கொடுத்தேன். கணினியில் செருகி விரலால் தொட்டால்தான் கணக்கு திறக்கும், பாஸ்வேர்டைத் திருடினாலும் பயன் இல்லை. ஒன்றைக் கையில் வைத்துக்கொள், மற்றதை வேறோர் இடத்தில் பத்திரமாக வை என்று பத்துத் தடவை சொன்னேன். அடுத்த முறை போனபோது மற்றது எங்கே என்று கேட்டேன். மதினி வீட்டு ஆணியில் தொங்குகிறது என்றாள்.

"வீட்டுச் சாவியே அங்கனதான கெடக்கு. இது அதவிடப் பெருசா?" என்றாள்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். என்ன சொல்லித் திட்டுவது? மாற்றுச் சாவி வேறோர் இடத்தில் நம்பிக்கையான ஆளிடம் இருக்க வேண்டும் என்றுதான் கம்பெனி கம்பெனியாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என்னுடைய கணக்குக்கும் இதே மாதிரி இரண்டு சாவிகள் உண்டு, அதில் மாற்றுச் சாவி மட்டும், முதல் சாவி கிடக்கிற அதே மேசை டிராயரில் கிடக்கிறது. யாரிடம் கொடுப்பது என்று பஸ்ஸில் ராஜபாளையம் வரும்வரை யோசித்தேன். என் பிளாட்டுக்கு எதிர்க்கதவில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான். வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொண்டுபோய் மதினியிடமே கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. அக்காவினுடையதற்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, பாஸ்வேர்டு என்ன என்றார். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றேன்.

மதினி சிரித்தார். "ஒன் வீட்டுலதான் நாயே இல்லையே தங்கச்சி. நீ என்னத்த வச்சிருக்கப் போற?"

பதிலுக்குச் சிரித்தேன், ஆனால் அந்தப் பேச்சு என்னோடேயே பஸ் ஏறி வந்தது. பெட்டை நாய் குட்டி போட்டதும் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு வைத்த பெயரை எந்தப் பாஸ்வேர்டிலும் வைக்கப் போவதில்லை, அதனால் தைரியமாகக் கூப்பிடலாம். முதல் நாள் காலையில் குட்டி நழுவிப் படிக்கட்டுப் பக்கம் ஓடிவிட்டது. வாசலில் நின்று அக்காவின் தெருக்காரர்களைப் போலத் தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்க்கதவு திறந்தது. அந்த வீட்டுப் பெண் படிக்கட்டுக்குப் போய்க் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, பெயர் நன்றாக இருக்கிறதே என்றார்.