மில் சங்கு ஊதாத வெள்ளிக்கிழமை

நடந்தது இவ்வளவுதான்:

1. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மில் சங்கு ஊதவில்லை.
2. கரண்ட் இல்லை, வாச்சர் தூங்கிவிட்டார் என்று ஆளுக்கொன்று நினைத்துக்கொண்டார்கள்.
3. அம்மா தலை முழுக ஆற்றுக்குப் போனார்.
4. மில்லுக்குள் பழைய தொட்டி ஒன்றைத் திறந்துவிட்டார்கள்.
5. அம்மாவின் இரண்டு கண்களும் வெந்துபோயின.
6. மாமா மில்லடியை விட்டுப் போனார்.

மில்லடியில் யாரைக் கேட்டாலும் இந்த ஆறையும் இதே வரிசையில்தான் சொல்வார்கள். வரிசையில் தவறில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அது எனக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரியும்.

மில்லடி என்பது கண்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில், மகாவலி வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கும் இரண்டு வரிசை வீடுகள். அந்த வளைவில் முன்பு ஒரு துணி மில் ஓடியது. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்கள், தோட்டம் கொடுத்த ஒற்றை அறை வரிசையான லயத்தில் இனி இருப்பதில்லை என்று மில் வேலைக்கு வந்தார்கள். மில் அவர்களுக்கு குவாட்டர்ஸ் கட்டிக் கொடுத்தது. பார்த்தால் அதுவும் லயம்தான். தகரத்துக்குப் பதிலாக அஸ்பெஸ்டஸ். நான் பிறந்த மறு வருடம் மில்லை மூடினார்கள். வேலை போயிற்று. வீட்டை விட்டு எழும்பச் சொல்ல யாரும் வராததால் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள்.

மில் ஓடிய காலத்தில் சங்கு இரண்டு விதமாக ஊதும். நீளமாக ஒரு தரம் ஊதினால் ஷிப்ட் மாறுகிறது. குட்டையாக மூன்று தரம் ஊதினால் சாயத் தொட்டியைத் திறக்கப்போகிறார்கள், ஆற்றில் இருப்பவர்கள் கரையேற வேண்டும். மில் மூடிய பிறகும் வாச்சர் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு தரம் ஊதிக்கொண்டிருந்தார். யாருக்காக என்று அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தை வைத்து உலை வைத்தோம், பஸ்ஸுக்கு ஓடினோம். மூன்று தரம் ஊதி நான் கேட்டதே இல்லை. ஆனாலும் பெண்கள் தண்ணீரில் கால் வைக்குமுன் ஒரு கணம் நின்று காது கொடுப்பார்கள். மூன்று தரம் ஊதவில்லையா, தண்ணீர் நல்ல தண்ணீர். அதற்கு மேல் ஒரு சான்றிதழ் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது பழைய இயந்திரங்களை வாங்கிய ஒருவர் லொறிகளோடு வந்து மில்லைக் கழற்றத் தொடங்கினார். அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்த மாமா, அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

மாமாவை நம்புவது கடினம். நூல் சுற்றும் கட்டைக்குள் கடிதம் வைத்து ஆற்றில் விட்டால் திருகோணமலைக்குப் போய்ச் சேரும், பதிலும் வரும் என்றார். நானும் எழுதி ஆற்றில் விட்டேன். ஒரு கிழமையில் ஈரக் காகிதத்தில் பதில் வந்தது. திருகோணமலைக்காரர் ‘ழ’வை மாமாவைப் போலவே தலைகீழாகச் சுழித்திருந்தார். அன்றிலிருந்து ஒரு கொப்பியில் "மாமா சொன்னவை" என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே உண்மை, பொய் என்று குறித்து வந்தேன். பதினாறு வரிகள் சேர்ந்திருந்தன. உண்மை இரண்டு.

கொப்பியைக் கண்டதிலிருந்து மாமா என்னைக் கணக்குப்புள்ள என்று கூப்பிட்டார். தோட்டத்தில் கணக்குப்பிள்ளை பேர் போடாவிட்டால் அன்றைய கூலி இல்லை; அரைப் பேர் போட்டால் பாதிக் கூலி. "எம் பேரையும் போடு கணக்குப்புள்ள, அரைப் பேராச்சும் போடு," என்று கெஞ்சுவது போல் நடிப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட விடுமுறை. வழக்கம்போல் மாமாவுக்கு ரொட்டி கொண்டுபோனேன். மில் கேட்டுக்குப் பக்கத்தில் லொறி நின்றது. அதில் இரும்புக் குழாய்களுக்கு மேல் சங்கு கிடந்தது. வாய் இவ்வளவு பெரியது என்று அப்போதுதான் பார்த்தேன். மாமாவுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் மேற்பார்வை செய்பவர் நின்றிருந்தார். மாமா ரொட்டியை வாங்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"கணக்குப்புள்ள, அம்மாவ இன்னைக்கு ஆத்துல எறங்க வேணாம்னு சொல்லு. தண்ணிக்கு காய்ச்சலாம்."

"தண்ணிக்கு காய்ச்சல் வராது மாமா."

"நீ போய் சொல்லு. ஓடு. எல்லார்கிட்டயும் சொல்லு."

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்து, பதினேழாவது வரியாக எழுதினேன்: ஆற்றுத் தண்ணீருக்குக் காய்ச்சல். நேரே, காத்திருக்காமலே, பொய் என்று போட்டேன்.

அம்மா சீயக்காய்க் கிண்ணத்தோடு கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஆற்றுக்கு ஐந்து நிமிட நடை. சொல்வதற்கு அது தாராளமாகப் போதும். மறுபடியும் ஏமாந்தவளாகத் தெரிய எனக்கு விருப்பமில்லை.

துவைகல்லருகில் பக்கத்து வீட்டு அக்கா நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"காலையில சங்கே ஊதலியே?" என்றார்.

"கரண்ட் இல்ல போல," என்றார் அம்மா.

"கரண்டு இருக்கு. வாச்சர் அண்ணன்தான் தூங்கிட்டாரு. சம்சாரம் ஊருக்குப் போயிருக்கு, எழுப்ப ஆளில்ல."

"மூனு தரம் ஊதுனாத்தானே நமக்கு பயம். எறங்கு, எறங்கு."

இருவரும் சிரித்தார்கள். சங்கு லொறியில் கிடந்ததையும் நான் சொல்லவில்லை. அக்கா கரையிலேயே துணியை அலசத் தொடங்கினார். அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று தலையை முக்கினார். மில் குழாய் ஆற்றில் விழும் இடம் அங்கிருந்து பத்தடி. குழாயிலிருந்து வந்ததற்கு நிறம் இல்லை. சாயமாக இருந்திருந்தால் நாங்கள் பார்த்திருப்போம். துணி வெளுக்கும் தொட்டியின் அடியில் தங்கியிருந்த எரிசோடாக் காரம் அது.

அம்மா தலையை வெளியே எடுத்ததும் கத்தவில்லை. "கண்ணு, கண்ணு," என்று மெதுவாகச் சொன்னார். அதன் பிறகுதான் கத்தினார்.

கண்ணில் காரம் பட்டால் குறைந்தது அரை மணி நேரம் ஓடும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இதைப் பின்னாளில் படித்தேன். குவாட்டர்ஸ் குழாயில் தண்ணீர் இல்லை. மில்லின் பம்ப் முதல் லொறியிலேயே போய்விட்டது. அக்கா ஓடிப்போய்ச் சத்தம் போட, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு தூக்கி வந்தார்கள். மொத்தம் ஏழு குடம். ஏழாவது தீர்ந்ததும் எல்லோரும் வெறும் குடத்தோடு நின்றார்கள். த்ரீவீலர் அதற்குப் பிறகுதான் வந்தது.

மூன்றாம் நாள் அப்பா என்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அம்மாவின் இரண்டு கண்களையும் கட்டியிருந்தார்கள். மாமா எங்களுக்கு முன்பே வந்து கட்டில் காலருகில் நின்றிருந்தார். தொட்டியின் வால்வைத் திருகியது மாமாவின் கைதான் என்று அதற்குள் மில்லடி முழுக்கத் தெரிந்திருந்தது. குவாட்டர்ஸ் ஆட்களிடம் வாய் திறந்தால் வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் மிரட்டியிருந்தது மட்டும் அப்போது யாருக்கும் தெரியாது; எனக்கே பின்னாளில்தான் தெரிந்தது.

"தம்பி, தொறக்கப் போறாங்கன்னு ஒனக்கு தெரியுமா?" என்று அம்மா கேட்டார்.

"தெரியும்க்கா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

மாமா என்னைப் பார்த்தார். நான் கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தது அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"மறந்துட்டேன்க்கா," என்றார் மாமா.

"மறந்துட்டியா?" அப்பா திரும்பினார். "அக்காவ மறந்துட்டியா? இனி எங்க வாசப்படி மிதிச்சிராத. போ வெளிய."

மாமா போனார். என் பக்கத்தைக் கடக்கும்போது தலையைத் தொடவில்லை, கணக்குப்புள்ள என்று சொல்லவுமில்லை.

நான் கட்டிலோரத்தில் உட்கார்ந்து பதினேழாவது வரியில் பொய்யை அடித்து உண்மை என்று திருத்தினேன். அதன் கீழே பதினெட்டு எழுதினேன்: மறந்துவிட்டதாக மாமா சொன்னார். நேரே பொய் என்று போட்டேன். சரியாகத்தான் போட்டேன். ஆனால் அது யாருக்காகச் சொன்ன பொய் என்று எழுத அந்தக் கொப்பியில் கட்டம் இருக்கவில்லை. அப்படி ஒரு கட்டம் வேண்டும் என்றும் எனக்குத் தெரியவில்லை. மாமா திருந்தவே மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

இப்போது மில் இருந்த இடத்தில் சுற்றுமதில் மட்டும் நிற்கிறது. நான் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மாதம் ஒரு முறை அந்த வளைவிலும் போத்தலில் தண்ணீர் எடுக்கிறேன். அம்மாவின் வலது கண்ணில் பார்வை இல்லை. இடது கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. அப்பா இறந்துவிட்டார். மாமா புசல்லாவையில் இருக்கிறார். அப்பாவின் சாவுக்கும் வரவில்லை, அம்மாவும் அவரைத் தேடவில்லை. கொப்பி என் அலுமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.