இருநூறு வாஷ் பேசின்

1. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, துபாயிலிருந்து ஒரு மாத விடுப்பில் இரண்டு பெட்டிகளோடும் ஒரு பழைய ரைஸ் குக்கரோடும் வந்தார்.
2. அம்மா வேலை பார்த்த பீங்கான் கம்பெனியை மூடினார்கள். அவளுக்கு ஒரு தொகை கிடைத்தது.
3. அந்தத் தொகையில் மாமா இரண்டு கம்பெனிகளின் பங்குகளும் ஒரு மியூச்சுவல் ஃபண்டும் வாங்கிக் கொடுத்தார்.
4. அம்மா ஒரு வாஷ் பேசினைத் தட்டிப் பார்த்தாள்.
5. நல்ல சத்தம் கொடுத்த கம்பெனியின் பங்குகளை விற்றாள்.
6. மாமா துபாய்க்குத் திரும்பிப் போனார்.

என்னுடைய ஆறாம் வகுப்பு நோட்டின் பின்பக்கங்களில் இந்த ஆறும் தனித்தனியாக இருக்கின்றன. எதற்கும் எண் போட்டு எழுதும் வழக்கம் எனக்கு அப்போதே வந்துவிட்டது.

அந்தத் தொகை எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போடுவதற்கு. ஆனால் முழுத் தளத்துக்குப் போதாது. வங்கியில் கிடந்தால் கிடந்தபடியே கிடக்கும், பங்கில் போட்டால் இரண்டே வருடத்தில் தளத்தோடு மாடிப்படியும் வரும் என்றார் மாமா. லாரி ஓட்டி வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் அப்பா, "ஒன் காசு, ஒன் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் இருந்த ஷேர் ஆபீசில் அம்மா பதினேழு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் எண்ணினேன்.

வாங்கியவை: குளியலறைச் சாமான் செய்யும் ஒரு கம்பெனி, மின்சாரம் தயாரிக்கும் ஒரு கம்பெனி, ஏராளமான கம்பெனிகளைக் கலந்துகட்டிய ஒரு ஃபண்டு. மூன்றாவது வாரமே மூன்றும் இறங்கின. தினம் பேப்பரைப் பார்த்து விலையை எழுதுவது என் வேலை. மாமா தினமும் ஒரே பதிலைச் சொன்னார். "விக்காத, வெச்சிரு அக்கா. நீதான சொல்லுவ, சூள ஆறாம தொறந்தா சரக்கு வெடிச்சிரும்னு."

அம்மா பதினான்கு வருடம் சூளையிலிருந்து வரும் சரக்கைத் தரம் பிரித்தவள். வீடுகளில் மின்சாரப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளைப் பீங்கான் ஃபியூசை இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றோடொன்று தட்டுவாள். கணீரென்றால் நல்ல கூடை. மந்தமாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல், உடைசல் கூடை. சந்தேகமானது செகண்ட்ஸ், இரண்டாம் தரக் கூடை. மூன்று கூடைக்கும் நான் நோட்டில் புதுப் பெயர் எழுதினேன்: வாங்கலாம், விற்கலாம், வைத்திருக்கலாம்.

"கம்பெனிய எப்பிடிக்கா தட்டிப் பாப்ப?" என்று மாமா சிரித்தார்.

"கம்பெனி வராது. அவன் சரக்கு கடைக்கு வருதுல்ல?" என்றாள் அம்மா.

மறுநாள் கடைவீதியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு என்னையும் அழைத்துப் போனாள். அந்தக் கம்பெனியின் வாஷ் பேசினைக் காட்டச் சொல்லி, வளையலை மேலே ஏற்றிவிட்டு, விரல் முட்டியால் விளிம்பில் தட்டினாள். காதை வைத்தாள். அடியில் தட்டினாள்.

"என்னம்மா, தேங்காயா அது?" என்றார் கடைக்காரர்.

"பெட்டியில எத்தினி ஒடஞ்சி வருது?"

"இதுல ஒடயறதே இல்லங்க. மத்ததெல்லாம் பத்துக்கு ஒண்ணு போயிரும்."

"லோடு எப்பெப்ப வருது?"

"முன்ன மாசம் ஒண்ணு. இப்ப ரெண்டு. கேட்டு வாங்குறாங்க. ஒங்களுக்கு எத்தினி போடட்டும்?"

"ஏற்கெனவே இருநூறு இருக்குது. இன்னும் வாங்கலாமான்னுதான் பாக்குறேன்."

கடைக்காரர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "இருநூறா! கல்யாண மண்டபமா கட்டுறீங்க?"

அம்மா சிரிக்கவில்லை. "போயிட்டு வரேங்க" என்று கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் நான் கண்ணில் பட்ட கம்பங்களை எல்லாம் தட்டிக்கொண்டு வந்தேன். மின்சாரத்தையும் ஃபண்டையும் எப்படித் தட்டுவது என்று கேட்டேன். "அதுதான் எனக்கும் தெரியல பாப்பா" என்றாள்.

அவள் காது தப்பவில்லை. அடுத்த மாதத்திலிருந்து பேசின் கம்பெனி ஏறத் தொடங்கியது. மின்சாரம் இறங்கியபடியே இருந்தது. ஃபண்டு நகரவில்லை. மாமாவின் ஒரு மாத விடுப்பு மூன்றாவது மாதத்தில் நடந்துகொண்டிருந்தது. துபாய்க் கம்பெனியில் நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அவர் எங்களோடு கேரம் ஆடியதால் அந்தக் கம்பெனியை எனக்குப் பிடித்திருந்தது. குக்கரையும் பிடித்திருந்தது; அடி கறுத்து, மூடியின் கைப்பிடியில் கம்பி சுற்றியிருந்தது. வெளிநாட்டுச் சாமான் என்று தோழிகளை அழைத்து வந்து காட்டினேன். அம்மா அதைத் துலக்கும்போது ஒருநாள் கையை நிறுத்தி, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை ஷேர் ஆபீசுக்குப் போய் பேசின் பங்குகள் இருநூறையும் விற்றுவிட்டு வந்தாள்.

மாமா கோபப்பட்டார். "ஏறிக்கினு இருக்கறத யாராவது விப்பாங்களாக்கா?"

"நல்லதத்தான் விக்க முடியும். ஒடசல எவன் எடுப்பான்?"

எனக்கு அழுகையே வந்தது. தளமும் மாடிப்படியும் போய்விட்டன என்பது தெரிந்தது. ஆனால் அவள் சொன்னது நியாயமாகப் பட்டதால், விதி என்று தலைப்பிட்டு அதையும் எழுதிவைத்தேன். அடுத்த புதன்கிழமை மாமா கிளம்பினார். இந்த முறை வேறு கம்பெனி, ஏஜென்டுக்குப் பணம் கட்டி வாங்கிய வேறு விசா. குக்கரும் கூடவே போனது. எனக்கு அதில்தான் பெரிய வருத்தம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு நானே பங்கு வாங்கத் தொடங்கியபோது படித்தேன்: ஏறுவதை விற்று இறங்குவதை வைத்துக்கொள்வது புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு. அம்மாவிடம் சொன்னேன். "அப்பிடியா" என்று கேட்டுக்கொண்டாள். அப்புறம்தான் பழைய நோட்டை எடுத்து ஐந்தாவதையும் ஆறாவதையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஒரு மாத விடுப்பில் வருகிறவர் தான் பொங்கித் தின்னும் குக்கரைக் கையோடு தூக்கி வரமாட்டார் என்பது பதினொரு வயதில் எனக்குத் தோன்றவில்லை.

தளம் ஏழு வருடம் கழித்துப் போட்டோம். பாதிப் பணம் மாமா அனுப்பியது. மாடிப்படி இல்லை. பேசின் கம்பெனியின் விலை எங்கேயோ ஏறிப் போய்விட்டது. எங்களிடம் ஒரு பங்குகூடக் கிடையாது. ஃபண்டு பரவாயில்லை. மின்சாரக் கம்பெனி இன்னும் வாங்கிய விலைக்கு வரவில்லை. வைத்திருக்கிறோம்.