ரயிலும் ரயிலும் சண்டை போட்ட காலம்

டீசல் புகை... அதோடு பக்கத்து சீட்டுக்காரர் பிரித்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் சம்பல் வாசனை. என் முதல் வேலையை மூக்குதான் முதலில் ஞாபகப்படுத்தும்.

மலேசியாவில் எங்கள் ஊரான கூலாயில் இருட்டோடு ரயில் ஏறி, சிங்கப்பூரில் ஒரு ஃபேக்டரிக்குப் போவேன். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மூன்று தடவை லேட் ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டை முதல் மாதத்திலேயே முடித்துவிட்டேன்!

அப்போது ஒற்றைத் தண்டவாளம். எதிரே எக்ஸ்பிரஸ் வந்தால் எங்கள் வண்டி கெம்பாஸ் பாரு ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும். எக்ஸ்பிரஸ் மெதுவாகக் கடக்கும்... ஜன்னலில் இருப்பவர்கள் கையாட்டுவார்கள், நாங்களும் ஆட்டுவோம். ரயில் ரயிலைக் கடப்பதை மலாயில் 'பெர்செலிசி' என்பார்கள்.

மூன்றாவது தடவையும் லேட். காரணத்தை ஃபாரத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நான் படித்தது ஃபாரம் த்ரீ, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை. மலாய்-ஆங்கிலப் பாக்கெட் டிக்‌ஷனரியில் பெர்செலிசியைத் தேடி, அதன் இரண்டு அர்த்தங்களில் முதலில் கண்ணில் பட்டதை எழுதினேன்.

'டூ ட்ரெயின் குவாரல். மை ட்ரெயின் வெயிட்.'

சூப்பர்வைசர் சரோஜா மேடம் இரண்டு தடவை படித்தார்.

"ஏன்பா, ரெண்டு ரயிலும் சண்டை போட்டுச்சா?"

"ஆமா மேடம். தினமும் போடும்."

"யாரு ஜெயிச்சா?"

"எக்ஸ்பிரஸ்தான் மேடம். நம்மளது லோக்கல், எப்பவும் விட்டுக்குடுத்துரும்."

சிரிக்காமல் ஃபாரத்தை டிராயரில் போட்டார். நான் வெளியே வந்ததும் உள்ளே சிரிப்புச் சத்தம்... மறுநாள் என்னை அரை மணி நேரம் தள்ளித் தொடங்கும் ஷிஃப்டுக்கு மாற்றினார். வேலையும் நிலைத்தது, பெயரும் நிலைத்தது. ஃபேக்டரி நண்பர்கள் தந்த கல்யாணப் பரிசில் 'மிஸ்டர் குவாரல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, மாப்பிள்ளை சண்டைக்காரரா என்று மாமனார் விசாரித்தார்.

போன வாரம் மகளோடு புது மின்சார ரயிலில் ஜோகூர் பாருவிலிருந்து குளுவாங் போனேன். இப்போது இரட்டைத் தண்டவாளம். மகளும் சிங்கப்பூரில்தான் வேலை செய்கிறாள். தினமும் எல்லைப் பாலத்து ஜாமில் நிற்கிறவள். எல்லை தாண்ட வரப்போகிற ரயிலில் அஞ்சே நிமிஷமாம்.

"இனிமே லேட்டுக்கு என்னத்தைப்பா சொல்றது?" என்று இப்போதே கவலைப்பட்டாள்.

அந்த நேரம் எதிரே ஒரு ரயில் வந்தது. பழைய ஞாபகத்தில் கையைத் தூக்கினேன். கை மேலே போவதற்குள் ரயில் போய்விட்டது...

"யாருக்குப்பா டாட்டா?"

தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.