பனி குடிவர இருந்த வீடு

மூடுபனி பகலில் மரத்துக்குள் தூங்குகிறது என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். தலை பாதி நரைத்த பிறகு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. தேயிலைத் தோட்டங்களில் மரம் வெட்டித் தறிப்பவர். மரத்தின் உள்விவகாரம் அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கண்ணால் கண்ட சாட்சியும் இருந்தது. இலங்கை மலையகத்தில், அட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பாதையில், எங்கள் சின்ன டவுனின் பஸ் நிறுத்தத்தில், கிழட்டு சைப்பிரஸ் மரங்கள் வரிசையாக நின்றன. விடிகாலையில் பனி அவற்றிலிருந்து இறங்கி வரும். வெயில் எட்டிப் பார்த்ததும் கிளைகளுக்குள் புகுந்து காணாமல் போகும். அந்த மரங்களுக்கிடையே தார்ப்பாய் கட்டி, அதன் கீழ்தான் அப்பா தையல் மிஷின் போட்டிருந்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குத் துணி கிழிந்தால் அவரிடம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வருகிற தோட்டத்துச் சனம் மழைக்கு ஒதுங்குவதும் அங்கேதான். அப்பா தைத்துக்கொண்டிருக்கையில் பனி இறங்கினால் முதலில் அவர் கால் மறையும், பிறகு மிஷின், பிறகு முகம். கடைசியில் சத்தம் மட்டும் மிஞ்சும். மேகம் உட்கார்ந்து துணி தைக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் வாயைப் பிளந்து நிற்பேன்.

எழுபதுகளின் கடைசியில் அந்த இடத்தில் கடைத்தொகுதி கட்டப் போவதாகச் செய்தி வந்தது. முன்னால் பூந்தோட்டம் வரும், அதற்காக மரங்களைத் தறிக்க வேண்டும் என்றார்கள். ஊர் இரண்டுபட்டது. பாடசாலை மண்டபத்தில் கூட்டம் போட்டு, சுவரில் பெரிய படமொன்றை மாட்டினார்கள். வெள்ளைக் கட்டடம், உருண்டை உருண்டையாகப் பூச்செடி, குடை பிடித்த ஒரு சீமாட்டி, அவளுக்கொரு நாய்க்குட்டி. எல்லாம் இருந்தது. மூடுபனி மட்டும் இல்லை. 

அம்மா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒங்கப்பா மிஷினு எங்கடா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"படத்துல அதெல்லாம் போட மாட்டாங்கம்மா," என்றேன், விஷயம் தெரிந்தவனாக.

கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். உளுத்த கிளை பஸ் மேலே விழுந்ததை ஒருவர் சொன்னார். வேரை எடுத்தால் மண் சரியும் என்று எங்கள் வாத்தியார் சொன்னார். கடைசியில் அப்பா எழுந்தார். வீட்டிலேயே அதிகம் பேசாத மனிதர்.

"அந்த மர நெழல்லதாங்க நாங்க பொழைக்கிறோம்."

"வெயிலே இல்லாத ஊருக்கு நெழல் எதுக்குங்க?" என்றார் பேக்கரி முதலாளி. மண்டபமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், நல்ல பகிடி அது.

அப்பாவும் கொஞ்சம் சிரித்துவிட்டு, புதுக் கட்டட வராந்தாவில் ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டார். வராந்தா சனம் நடக்கிற இடம், அங்கே யாரையும் உட்காரவிட முடியாது என்றார் கூட்டத் தலைவர். அப்பா உட்கார்ந்துவிட்டார். கை தூக்கச் சொன்னார்கள். மரங்கள் தோற்றன.

என் கவலையெல்லாம் பனியைப் பற்றித்தான். வெளியே வந்ததும் மாமாவின் சட்டையைப் பிடித்தேன். "மரத்த வெட்டுனா பனி எங்க போகும் மாமா?"

"அதுவா? நல்ல கதகதப்பான வீடா பாத்துக் குடியேறும்," என்றார் மாமா, மூஞ்சியில் சிரிப்பே காட்டாமல்.

அந்த மரங்களைத் தறிக்கும் வேலை கடைசியில் மாமாவுக்கே வந்தது. வேண்டாமென்றால் வேறொருவன் தறிப்பான் என்று அப்பாவே சொல்லி அனுப்பினார். தோட்டங்களில் பெரிய மரத்தைத் தறிக்குமுன் அதில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லிக்கொள்வது வழக்கம். முதல்நாள் மாலை மாமா வெற்றிலை பாக்கு வைத்து, சூடம் கொளுத்தி, மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அப்பா மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

"இதுல குடியிருக்கறவங்க யாரா இருந்தாலும் கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு வெட்டப்போறோம். வேற எடம் பாத்துப் போயிருங்க," என்றார் மாமா.

போகிற திசையையும் காட்ட வேண்டும். மாமா கத்தியை நீட்டிய மேட்டில் எங்கள் வீடு இருந்தது. அப்படியானால் பனி குடியேறப் போவது எங்கள் வீட்டில்தான்! மாமா அப்பாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை.  ஆகா, பனிக்கு மாமாவும் பயப்படுகிறார் என்று நான் முடிவுகட்டினேன்.

மறுநாள் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் மரம் விழுவதைப் பார்க்க ஓடினார்கள். நான் வீட்டில் போர்க்கால வேலையில் இருந்தேன். அப்பாவின் துண்டுத் துணிகளை ஜன்னல் இடுக்கிலெல்லாம் திணித்தேன். கதவின் அடியில் சாக்கை உருட்டி வைத்தேன். கீழே ஒவ்வொரு மரம் விழும்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

இருட்டுகிற நேரம் கதவு தட்டப்பட்டது. முதுகால் கதவுக்கு முட்டுக்கொடுத்தேன்.

"யாரு?"

"நாந்தாண்டா," என்றது அப்பாவின் குரல். பனிக்குக் குரல் மாற்றத் தெரியாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

"தொறடா வெளங்காதவனே, கை கழண்டு விழுது," என்றது இன்னொரு குரல். மாமாவின் வாய்க்குப் போலி கிடையாது. திறந்தேன்.

இருவருமாக மிஷினைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அதை ஜன்னலோரம் இறக்கினார்கள். அப்பா நான் திணித்த துணிகளை ஒவ்வொன்றாக உருவி, உதறி, மடித்து வைத்தார்.

"எடுக்காதீங்கப்பா, உள்ள வந்துரும்," என்று கத்தினேன்.

"வெளிச்சம் வேணும்டா."

இதற்கு மாமா ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார் என்று அவரைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்து, விபூதி பூசி, தைக்க வருகிறவர்களை எதிர்பார்த்து ஜன்னலோரம் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். நான் வாசலில் காவல் இருந்தேன். பனி வழக்கம்போலக் கீழே, மரமில்லாத பஸ் நிறுத்தத்திலேயே இறங்கியது. தோட்டத்துச் சனம் அதற்குள் நனைந்துகொண்டு நின்றது. பொழுது சாயும்வரை இருந்துவிட்டு, ஜெயித்தவனாக உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன்.

"யாருமே வரலப்பா."

அப்பா தலையை ஆட்டினார். உண்மைதான். அன்றைக்கு யாரும் வரவில்லை.