மச்சானின் தூண்டிலை மரக்காணம் உப்பளத்தில் கழுவிய கதை

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை தனியாக மரக்காணம் போய் வந்தேன். ஏன் போனேன் என்று சொல்ல கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. என் மனைவி கவிதாவின் அண்ணன் ஆஸ்திரேலியாவிலிருந்து மூன்று வார லீவில் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவருடைய பெட்டிகளோடு ஒரு நீளமான குழாய்ப் பெட்டியும் வந்து பீரோவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. உள்ளே ஃப்ளை ஃபிஷிங் தூண்டில். நாலு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று சொருகினால் ஒன்பது அடி. புழு, இறால் எதுவும் மாட்ட வேண்டாம். இறகு கட்டிய முள்ளைப் பூச்சி மாதிரி தண்ணீர் மேல் வீசினால் போதும். இதெல்லாம் ஆபீஸ் போகிற ரயிலில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை மாலை மச்சான் என் மாமியாரோடு காஞ்சிபுரம் கிளம்பினார், பட்டுப்புடவை எடுக்க. சனிக்கிழமை ஆறு மணிக்குத் திரும்புவார்கள். ஞாயிறு ராத்திரி அவருக்கு ஃப்ளைட். நடுவில் ஒரு பகல் கிடைத்தது. எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். ஏன் கேட்கவில்லை என்று இன்றைக்கு வரை எனக்கே புரியவில்லை. கவிதாவிடம் ஃபிரெண்டைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அதுவும் ஏன் சொன்னேனோ!

திருவான்மியூரில் காலை 4.50க்குக் கிளம்பி, இ.சி.ஆர். வழியாக 7.20க்கு மரக்காணம். என் பைக் மீட்டர்படி 106 கிலோமீட்டர். வழியில் ஒரு டீ, 15 ரூபாய். மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, உப்பளத்து வரப்பில் கால் மணி நேரம் நடந்தால் கழுவெளி ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகும் ஓடை வரும். அங்கே வீச்சு வலையோடு நின்ற ஒருவர், நான் தூண்டிலைப் பூட்டுவதைக் கடைசி வரை பார்த்தார்.

"இரை எங்க சார்?"

"இரை கிடையாதுண்ணா. இறகுதான்."

"அது மீனுக்குத் தெரியுமா?"

தெரியவில்லை போலிருக்கிறது. இரண்டு மணி நேரம் வீசினேன். முள் ஒரு முறை என் சட்டையில் மாட்டியது, ஒரு முறை காதோரம் போனது. மீன் எதுவும் மாட்டவில்லை. சரி, போதும் என்று கிளம்பினேன். இனிமேல்தான் கூத்து.

கடல் பக்கம் மீன் பிடித்தால் தூண்டிலை உடனே தெளிந்த தண்ணீரில் கழுவிக் காய வைக்கணும், இல்லாவிட்டால் உப்பு அரித்துவிடும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஓடைத் தண்ணீர் ஒரே கலங்கல். ஆனால் வரப்புக்கு இந்தப் பக்கம், பாத்தியில் நின்ற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடக்கும் மண் வரை தெரிந்தது. ஆஹா, தெளிந்த தண்ணீர் என்று தூண்டிலைப் பூட்டியபடியே, நரம்பு சுற்றும் ரீலோடு சேர்த்து, முக்கி முக்கிக் கழுவினேன். நாலு பக்கமும் உப்புக் குவியல்! அது உப்பளம் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். இருந்தும் கழுவினேன். என் புத்தி அப்போது எங்கே போயிருந்ததோ, சத்தியமாகத் தெரியவில்லை.

வரப்பில் காயப்போட்டு, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து எடுத்தால், தூண்டில் வெள்ளை வெளேரென்று இருந்தது. ரீல் சுற்றவில்லை. மூன்று மூட்டில் ஒன்றுகூடக் கழலவில்லை. சொருகின இடத்துக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து அப்படியே காய்ந்துவிட்டது. ஒன்பது அடித் தூண்டிலை பைக்கில் சென்னை வரை எப்படிக் கொண்டுபோவது? ஆறு மணிக்குள் குழாய்க்குள் எப்படி வைப்பது? போனில் தேடினால் ஒருத்தர் ஐஸ் வை என்கிறார், இன்னொருத்தர் சூடு காட்டு என்கிறார், மூன்றாவது ஆள் இரண்டுமே கூடாது என்கிறார். லேசாகத் திருகிப் பார்த்தேன். கிறீச் என்று ஒரு சத்தம். பயந்துபோய் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தலையில் உப்புக் கூடையோடு போன ஒரு அக்கா நின்று என்னவென்று கேட்டார். சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உப்பு போவணும்னு உப்புலயே கழுவுனீங்களா? ஏங்க, இங்க வாங்க, இந்தக் கூத்தப் பாருங்க!"

அவர் பெயர் மேரி. கூப்பிட்டது கணவர் அந்தோணியை. அவர் உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர். கையில் பைப் ரிஞ்சோடுதான் வந்தார்.

"ரெண்டு பக்கமும் புடிச்சி ஒரே திருவு, வந்துடும் சார்."

தூண்டிலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நல்லவேளை, மேரி அக்கா குறுக்கே வந்தார். "எதப் பாத்தாலும் உங்களுக்கு பைப்புதானா? நல்ல தண்ணி ஊத்துனா உப்பு கரையப் போவுது. இதுக்கு ரிஞ்சு வேற."

இவ்வளவுதானா! ஐஸ், சூடு என்று அலைந்தவனுக்கு உப்பு தண்ணீரில் கரையும் என்பது தோன்றவே இல்லை. ஆனால் அங்கே நல்ல தண்ணீர் என்றால் அந்த உப்பளத்தில் வேலை செய்யும் ஆறு பேருக்கும் குடிக்க வைத்திருந்த ஒரே கேன்தான். என் பாட்டில் காலி. வேண்டாங்க்கா என்றேன். "பன்னெண்டு மணிக்கு வேலய முடிச்சிட்டு வூட்டுக்குத்தான போறோம், ஊத்துங்க" என்று அவரே என் துண்டை நனைத்து மூட்டுகளில் சுற்றினார். நான் அது காயாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு சொட்டு விடும்போதும் மனசு உறுத்தியது.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு மூட்டு கழன்றது. நடு மூட்டு மட்டும் அசையவில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு கையை மூட்டின் இரண்டு பக்கமும் வைத்து, திருகாமல் நேராக இழுக்கணும் என்று எங்கேயோ பார்த்த ஞாபகம். அந்தோணி அண்ணன் ரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு வந்தார். இழுத்தோம். டப் என்று வந்தது. நான் கத்தியே விட்டேன். மேரி அக்கா "மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் 40 ரூபாய்க்கு ஒரு தண்ணீர் கேன் வாங்கி வந்து கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மூன்று மணிக்கு வீடு. பாத்ரூமில் மறுபடி கழுவி, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, குழாய்க்குள் வைத்துவிட்டேன். சொல்வதா வேண்டாமா என்று ஆறு மணி வரை ஒரே குழப்பம். மச்சான் வந்ததும் பெட்டி கட்ட உட்கார்ந்தார், குழாயைத் திறந்தார், ரீலைச் சுற்றினார். கரகரவென்றது.

"மாப்பிள்ளை, இதுல உப்பு இருக்கே?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கவிதா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! மச்சான் ரீலை இன்னொரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். திட்டட்டும் என்று நின்றேன்.

"மூணு வாரமா எத்தனை வீட்டு விருந்து, எத்தனை கோயில். இது என்னன்னு இந்த வீட்ல ஒருத்தர் கேக்கல மாப்பிள்ளை. பீரோ பக்கத்துல சாத்தி வைக்கவா இத அங்கிருந்து தூக்கிட்டு வந்தேன்? போறதுதான் போனீங்க, என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல?"

உப்புக்குக் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கமாகிவிட்டது.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், வரப்பில் கடை கிடையாது. முதலில் தூண்டிலைக் கழற்றுங்கள், அப்புறம் கழுவுங்கள். ஈரத்தோடு குழாய்க்குள் வைக்காதீர்கள். பூட்டும் முன் சொருகும் இடத்தில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் இறுகாது, இது மச்சான் சொன்னது. உப்பளம் அவர்கள் வேலை செய்யும் இடம், கேட்டுவிட்டு நடங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். காலை 4.50க்குக் கிளம்பினோம், இரண்டு பேர். அதே 106 கிலோமீட்டர். மீன் அன்றைக்கும் இல்லை. ஒரு மணிக்கு வீடு திரும்பி, அவசர அவசரமாக மிச்சப் பெட்டியைக் கட்டி, மச்சான் ஃப்ளைட்டைப் பிடித்தார். மூன்று வாரம் என் வீட்டில் இருந்த மனுஷரோடு, சாப்பிட்டீங்களா தூங்கினீங்களா என்பதைத் தாண்டி, அன்றைக்குத்தான் நான் பேசினேன்.